திமிலைப் பிடித்த கை ஏன் நழுவுகிறது? தச்சங்குறிச்சி வாடிவாசல் சொல்லும் தசைக் கணக்கு

பொங்கலுக்கு முன்பே பொங்கல் வந்துவிடும் ஊர் ஒன்று இருக்கிறது. புதுக்கோட்டை மாவட்டம், கந்தர்வக்கோட்டை வட்டத்தில் உள்ள தச்சங்குறிச்சி. அவனியாபுரம், பாலமேடு, அலங்காநல்லூர் என்று டி.வி. கேமராக்கள் மதுரைப் பக்கம் திரும்புவதற்கு முன்பே இங்கே வாடிவாசல் திறந்துவிடும். 2024-ல் ஜனவரி 6, 2025-ல் ஜனவரி 4. ஆண்டின் முதல் ஜல்லிக்கட்டு என்ற பெருமை இந்த ஊருக்குத்தான்.

அந்தத் திடலில் அன்றைக்குத் திரும்பத் திரும்ப நடக்கும் ஒரு காட்சி. காளை சீறி வருகிறது. ஒருவர் பாய்ந்து திமிலைக் கட்டிக்கொள்கிறார். ஒரு சுற்று, இரண்டு சுற்று. காளை அவரை விசிறி அடிக்கவில்லை, கொம்பும் படவில்லை. ஆனாலும் விரல்கள் மெல்லப் பிரிகின்றன, ஆள் புழுதியில் விழுகிறார். கேலரியில் இருந்து குரல் வருகிறது: “அட, விட்டுட்டான்யா!”

அவர் விடவில்லை. கைதான் விட்டுவிட்டது. விழுந்த இடத்தில் உட்கார்ந்து இரண்டு கைகளையும் உதறிக்கொள்கிறாரே, அந்த உதறலில்தான் இந்த வாரக் கதை இருக்கிறது.

முப்பது விநாடி என்பது எவ்வளவு நேரம்?

2017-ல் தமிழ்நாடு அரசு கொண்டுவந்த ஜல்லிக்கட்டு விதிகளின்படி, மாடுபிடி வீரர் திமிலை மட்டுமே பிடிக்க வேண்டும். 15 மீட்டர் தூரம், அல்லது 30 விநாடி, அல்லது காளையின் மூன்று துள்ளல். இதில் ஒன்றைத் தாக்குப்பிடித்தால் அவர் வென்றவர்.

முப்பது விநாடி என்றதும் அலட்சியமாகத் தோன்றும். வீட்டில் ஒரு குடம் தண்ணீரை ஒரு கையால் தூக்கி, இடுப்பில் வைக்காமல், அப்படியே தொங்கவிட்டு நின்றுபாருங்கள். முதல் பத்து விநாடி ஒன்றுமே தெரியாது. இருபதில் முன்கை சூடாகும். அதற்குப் பிறகு விரல்கள் தானாக விரியப் பார்க்கும். இத்தனைக்கும் குடம் துள்ளாது!

விரல்கள் விரிகின்றன என்கிறோம். ஆனால், விரல்களுக்குள் அவற்றை மடக்கும் தசையே கிடையாது. முஷ்டியை இறுக்கி மூடியபடி முழங்கைக்குக் கீழே பாருங்கள். உள்பக்கமாக ஒரு சதைப்பிண்டம் திரண்டு எழும். விரல்களை மடக்கும் பெரிய தசைகள் அங்கேதான் இருக்கின்றன. அங்கிருந்து மணிக்கட்டு வழியாகக் கயிறு போலத் தசைநாண்கள் ஓடி விரல்களை இழுக்கின்றன. கிணற்று ராட்டினத்தில் கயிறு ஓரிடம், இழுப்பவர் ஓரிடம் என்பதைப் போல. அதனால்தான் பிடி தளரும்போது வலி விரலில் வராமல் முன்கையில் வருகிறது.

அந்த முன்கைத் தசை இறுகும்போது தனக்குள் ஓடும் ரத்தக்குழாய்களையும் சேர்த்து நசுக்குகிறது. முழு பலத்தில் ஏறத்தாழ பாதிக்கு மேல் போட்டு இறுக்கினாலே உள்ளே ரத்த ஓட்டம் பெருமளவு தடைபடும். நடக்கும்போதோ சைக்கிள் மிதிக்கும்போதோ தசை சுருங்கும், விரியும். விரியும் நொடியில் புது ரத்தம் உள்ளே வரும். இறுக்கிப் பிடித்தபடியே இருக்கும் கைக்கு அந்த நொடி கிடைப்பதில்லை. பாதி பலத்தில் பிடித்தால் பொதுவாக ஒரு நிமிடத்தை ஒட்டித்தான் கை தாங்கும். முழு பலம் போட்டால் சில விநாடிகளிலேயே பிடி இறங்கத் தொடங்கிவிடும். திமிலைப் பிடித்தவர் பாதி பலத்திலா பிடிப்பார்?

சட்டைப்பைச் சில்லறையும் பக்கத்து வீட்டுக் கைமாத்தும்

ரத்தம் வராத அந்த நேரத்தில் தசை எதை எரித்து வேலை செய்கிறது? இங்கே கொஞ்சம் கணக்குப் பார்க்க வேண்டும்.

தசைக்குத் தெரிந்த பணம் ஒன்றே ஒன்றுதான். ஏ.டி.பி. என்று சுருக்கமாக அழைக்கப்படும் வேதிப்பொருள். கண் இமைப்பது முதல் காளை பிடிப்பது வரை எல்லாச் செலவும் இதில்தான். ஆனால், தசையின் சட்டைப்பையில் இருக்கும் இந்தச் சில்லறை, முழு மூச்சான வேலைக்கு இரண்டு மூன்று விநாடி மட்டுமே வரும். சில்லறை தீரத் தீர உடனே கொடுத்து உதவும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர் இருக்கிறார். பெயர் பாஸ்போகிரியேட்டின். அவர் கையிருப்பும் ஏறத்தாழ பத்து விநாடியில் கரையும். அதற்குப் பிறகு தசைக்குள் சேமித்து வைத்த மாவுச்சத்தான கிளைகோஜன் என்ற அரிசி மூட்டையைப் பிரிக்க வேண்டும். மூட்டை பெரிது. ஆனால், பிரித்து, உலை வைத்து, சோறாக்கும் வேகம் குறைவு.

ஆக, 30 விநாடி என்ற விதியை வகுத்தவர்கள் உடலியல் புத்தகம் பார்த்து வகுத்தார்களோ இல்லையோ, கைமாத்து தீர்ந்து அரிசி மூட்டை பிரிபடும் இடத்தில்தான் அந்தக் கோடு விழுந்திருக்கிறது.

இதில் சுவாரஸ்யம் என்னவென்றால், கைமாத்து கொடுக்கும் அந்தப் பக்கத்து வீட்டுக்காரரை உலகுக்குக் காட்டியவர் சென்னையில் படித்தவர்.

எல்லப்பிரகத சுப்பாராவ். 1895 ஜனவரி 12-ல் அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் பிறந்தவர். திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளி, மாநிலக் கல்லூரி, சென்னை மருத்துவக் கல்லூரி என்று படித்தார். காந்தியின் அழைப்பை ஏற்று அறுவை சிகிச்சைக் கூடத்துக்கே கதர் உடுத்திப் போனார். வெள்ளைக்காரப் பேராசிரியருக்கு அது பிடிக்கவில்லை. எம்.பி.பி.எஸ். பட்டம் கிடைக்காமல் அதைவிடச் சிறிய எல்.எம்.எஸ். பட்டத்தோடுதான் வெளியே வந்தார். அப்புறம் கப்பலேறி அமெரிக்காவின் ஹார்வர்டுக்குப் போய்விட்டார்.

அங்கே சைரஸ் ஃபிஸ்க் என்பவரோடு சேர்ந்து 1927-ல் அவர் வெளியிட்ட ஆய்வுதான் பாஸ்போகிரியேட்டின் பற்றியது. பூனையின் தசையை மின்சாரத்தால் தூண்டி வேலை வாங்கினார்கள். வேலை செய்யச் செய்ய அந்தப் பொருள் உடைந்து குறைந்தது. தூண்டுதலை நிறுத்தித் தசையை விட்டுவிட்டபோது மறுபடி உருவானது. தசை களைப்பதும் ஓய்வில் மீள்வதும் கையில் அளந்து பார்க்கும் பொருளாக மாறிய தருணம் அது. ஏறக்குறைய அதே நேரத்தில் லண்டனில் எகில்டன் தம்பதியும் இதே பொருளைக் கண்டார்கள். இரண்டு ஆண்டு கழித்து ஏ.டி.பி.யையும் தசையிலிருந்து பிரித்தெடுத்தது ஃபிஸ்க் – சுப்பாராவ் இணை. ஜெர்மனியின் கார்ல் லோமன் தனியாக அதே வேலையைச் செய்து முடித்திருந்தார்.

சுப்பாராவுக்கு நோபல் பரிசு கிடைக்கவில்லை. 1948-ல் இறந்தார். 1995-ல் இந்திய அரசு தபால்தலை வெளியிட்டது. சென்னையில் அவர் படித்த கல்லூரி வழியாகத் தினமும் மின்சார ரயிலில் போகிறவர்களில் எத்தனை பேருக்கு இந்தப் பெயர் தெரியும் என்பது வேறு விஷயம்.

இப்போது திடலுக்குத் திரும்பலாம். கையை உதறிக்கொண்டு உட்கார்ந்திருக்கும் வீரரின் முன்கையில் என்ன நடக்கிறது? நசுங்கியிருந்த குழாய்கள் திறந்து ரத்தம் பாய்கிறது. பாஸ்போகிரியேட்டின் மறுபடி சேர்கிறது. பாதி அளவு திரும்ப அரை நிமிடத்திலிருந்து ஒரு நிமிடம் போதும். மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பெரும்பகுதி நிறைந்துவிடும். ‘இப்ப சரியாயிடுச்சு’ என்று அவர் எழுந்து நிற்பது பொய்யில்லை. முழு உண்மையும் இல்லை.

லாக்டிக் அமிலத்தின் மேல் போட்ட பழி

‘தசையில் லாக்டிக் அமிலம் சேர்ந்துவிட்டது, அதனால்தான் வலி’ என்று ஜிம் டிரெய்னர் முதல் வாட்ஸ்அப் ஃபார்வர்டு வரை எல்லோரும் சொல்கிறார்கள். இந்தக் கதைக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. 1907-ல் இங்கிலாந்தில் ஃபிளெட்சர், ஹாப்கின்ஸ் என்ற இருவர் தவளையின் தசையைக் களைக்க வைத்தபோது அதில் லாக்டிக் அமிலம் சேர்ந்ததைப் பார்த்தார்கள். ஆக்சிஜன் கொடுத்ததும் அது குறைந்தது. களைப்பும் அமிலமும் ஒன்றாக வந்து ஒன்றாகப் போனதால், அமிலமே குற்றவாளி என்று பின்னால் வந்தவர்கள் தீர்ப்பெழுதிவிட்டார்கள்.

குற்றம் நடந்த இடத்தில் நின்றவர் எல்லாம் குற்றவாளியா? குளிரான தவளைத் தசையில் அமிலத்தால் பலம் குறைந்தது உண்மைதான். ஆனால், நம் உடம்பின் வெப்பநிலையில் தசை நார்களைச் சோதித்தபோது அமிலத்தின் பாதிப்பு மிகவும் சுருங்கிப்போனது. 1990-களில் வந்த இந்த முடிவுகள் பாடப்புத்தகங்களை மாற்றி எழுத வைத்தன. லாக்டேட்டை உடம்பு குப்பையாகவும் வைத்துக்கொள்வதில்லை. இதயம் அதை எரிபொருளாகவே எரிக்கிறது. கல்லீரல் அதை மறுபடி சர்க்கரையாக மாற்றுகிறது. கடும் உழைப்புக்குப் பிறகு ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் ரத்தத்தில் அதன் அளவு பழைய நிலைக்கு வந்துவிடும். மறுநாள் காலை படுக்கையிலிருந்து எழ முடியாமல் செய்யும் வலிக்கு, முந்தின நாளே போய்விட்ட அமிலத்தைக் கைகாட்டுவது நியாயமில்லை.

அப்படியானால் பலத்தைக் குறைப்பது எது? பாஸ்போகிரியேட்டின் உடையும்போது மிஞ்சும் பாஸ்பேட் முக்கிய சந்தேக நபர். அது தசை இழைகள் ஒன்றையொன்று பற்றி இழுக்கும் பிடியைத் தளர்த்துகிறது. அடுத்தது கால்சியம். மூளையிலிருந்து ‘இறுக்கு’ என்ற ஆணை வந்ததும் தசை நாருக்குள் இருக்கும் சிறு பைகளிலிருந்து கால்சியம் வெளியே கொட்ட வேண்டும். களைத்த தசையில் அது குறைவாகவே கொட்டுகிறது. கூடவே, பொட்டாசியம் தசை நாரிலிருந்து வெளியே கசிந்து மின் சைகையை மழுங்கடிக்கிறது.

இதெல்லாம் பழுது மாதிரி தெரியும். ஆனால், ஏ.டி.பி. மொத்தமும் தீர்ந்தால் தசை விறைத்துக் கட்டையாகிவிடும். இறந்த உடல் விறைப்பது அதனால்தான். உயிருள்ள தசை அந்த நிலைக்குப் போவதற்கு வெகு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. களைப்பை உடம்பின் ஃபியூஸ் என்று சொல்வது தப்பில்லை.

டூரின் நகரத்தில் ஒரு நடுவிரல்

இந்த ஃபியூஸ் எப்போது போகும், போனால் திரும்பப் போட எவ்வளவு நேரம் என்பதை உட்கார்ந்து அளந்தவர் ஒருவர் உண்டு. இத்தாலியின் டூரின் நகரத்துப் பேராசிரியர் ஆஞ்சலோ மோஸ்ஸோ. கையை ஒரு பலகையில் கட்டிவைத்து, நடுவிரலில் நூல், நூலின் முனையில் எடைக்கல். விரலை மடக்க மடக்க எடை ஏறி இறங்கும். ஒவ்வொரு ஏற்றமும் சுழலும் காகிதத்தில் கோடாக விழும். எர்கோகிராஃப் என்று பெயர் வைத்தார். 1891-ல் களைப்பைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார்.

அதில் அவருடைய சக ஆய்வாளர் மஜ்ஜோரா செய்த ஒரு சோதனை இருக்கிறது. விரல் முப்பது முறை எடையைத் தூக்கியதும் முழுக்கச் சோர்ந்துவிடுகிறது. பழைய பலம் திரும்ப இரண்டு மணி நேர ஓய்வு தேவைப்பட்டது. சரி, பாதி வேலை மட்டும் செய்தால்? பதினைந்து முறை தூக்கிவிட்டு நிறுத்திக்கொண்டால் ஒரு மணி நேரம் போதும் என்றுதானே எதிர்பார்ப்போம்? அரை மணி நேரமே போதுமானதாக இருந்தது!

வேலை பாதியானது. ஓய்வு காலாகக் குறைந்தது. திருப்பிப் பார்த்தால், முதல் பதினைந்து தூக்கலுக்கு உடம்பு கேட்ட விலை அரை மணி. கடைசிப் பதினைந்துக்குக் கேட்டது ஒன்றரை மணி. ஏற்கெனவே களைத்த தசையைக் கொண்டு வாங்கும் வேலை மூன்று மடங்கு விலையுள்ளது. இன்னொரு விதமாகவும் பார்க்கலாம். முப்பது தூக்கிவிட்டு இரண்டு மணி நேரம் கிடப்பவரைவிட, பதினைந்து தூக்கி அரை மணி ஆறுபவர் அதே இரண்டு மணி நேரத்தில் இரண்டு மடங்கு தூக்கியிருப்பார்.

ஒரு விரலுக்குப் போட்ட கணக்கை அப்படியே முழு உடம்புக்கும் வயலுக்கும் தூக்கிக்கொண்டு போக முடியாதுதான். விகிதம் வேலைக்கு வேலை மாறும். ஆனால் ‘ஓய்வை முடியாமல் போகும்வரை தள்ளிப்போடாதே, முன்கூட்டியே சின்னச் சின்னதாக எடு’ என்ற திசை மாறவில்லை. வேலைக்களம் பற்றிய பிற்கால ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன.

மோஸ்ஸோவின் புத்தகத்தில் இன்னொன்றும் உண்டு. மஜ்ஜோரா ஒருநாள் மாணவர்களுக்கு வாய்மொழித் தேர்வு நடத்திவிட்டு வந்து கருவியில் கை வைத்தார். விரல் வேலையே செய்யவில்லை, வாய்தான் பேசியது. ஆனாலும் விரலின் பலம் குறைந்திருந்தது. களைப்பு தசையில் மட்டும் இல்லை, ஆணை பிறப்பிக்கும் தலையிலும் இருக்கிறது. ஆபீஸில் நாள் முழுக்க உட்கார்ந்துவிட்டு வந்தவர் காய்கறிப் பையைத் தூக்க மலைப்பதைச் ‘சோம்பேறித்தனம்’ என்று வீட்டில் யாராவது சொன்னால் இதை அவர்களுக்கு அனுப்பலாம்.

கடலையும் முந்திரியும் கேட்கும் ஓய்வு

காளை ஆண்டுக்கு ஒருநாள். கந்தர்வக்கோட்டைப் பக்கம் மற்ற நாள்களில் கைகளுக்குக் கிடைக்கும் வேலை வேறு மாதிரி. செம்மண் நிலத்தில் கடலைக்கொடியைப் பிடுங்கி, குவித்து, உட்கார்ந்து ஆய வேண்டும். புதுக்கோட்டை சாலையில் ஆதனக்கோட்டையைத் தாண்டும்போது மூக்கைத் துளைக்கும் வாசனை முந்திரிக்கொட்டை வறுபடும் வாசனை. வறுத்த கொட்டையைக் கட்டையால் தட்டி, பருப்பு உடையாமல் எடுப்பது பெரும்பாலும் பெண்களின் கை. ஒரு தட்டுக்குப் பெரிய பலம் வேண்டாம். ஆனால் அந்தச் சின்னத் தட்டு ஆயிரக்கணக்கில் நடக்கும்.

இந்தக் களைப்பு காளை பிடித்தவரின் களைப்பு அல்ல. இது ஐந்து நிமிடத்தில் ஆறாது. 1977-ல் ரிச்சர்ட் எட்வர்ட்ஸ் என்ற மருத்துவரின் குழு இதைக் கண்டுபிடித்தது. நீண்ட வேலைக்குப் பிறகு முழு பலத்தையும் போடச் சொன்னால் கை ஓரளவு போட்டுவிடுகிறது. ஆனால், லேசான வேலைகளில் தசை எதிர்பார்த்த இழுப்பைக் கொடுப்பதில்லை. இது சரியாக ஒரு நாள்கூட ஆகலாம். நாள் முழுக்கக் கடலை ஆய்ந்தவர் ராத்திரி தோசைக் கரண்டியைப் பிடிக்கும்போது ‘கையில சத்தே இல்லடி’ என்று சொல்வது இதைத்தான். நோய் எதுவும் இல்லை. அந்தக் கால்சியம் பைகள் இன்னும் சரியாகவில்லை. உழைப்பு தினமும் தொடர்ந்தால், மிச்சக் களைப்பின் மேலேயே அடுத்த நாள் களைப்பு ஏறி உட்காரும்.

இங்கேதான் சிக்கல். ஓய்வு எடுக்கச் சொல்வது சுலபம். மூட்டைக்கு இவ்வளவு, கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி பேசிய இடத்தில், கையை மடியில் வைத்துக்கொண்டு உட்காரும் பத்து நிமிடம் காசாகத் தெரியும். 1948-ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், ஐந்து மணி நேரத்துக்கு மேல் தொடர்ந்து வேலை வாங்கக் கூடாது, இடையில் குறைந்தது அரை மணி ஓய்வு வேண்டும் என்று எழுதி வைத்தது. அது ஆலைக்குள் இருப்பவருக்கு. கடலைக்காட்டில் ஓய்வு நேரம் என்பது வெற்றிலை மடிக்கும் நேரமும் தண்ணீர் குடிக்கும் நேரமும்தான். ஊர்ப் பெரியவர்கள் அதையும் வீணடிப்பதில்லை. வரப்பில் நின்று இடுப்பை நிமிர்த்தி, இரண்டு வார்த்தை பேசி, மறுபடி குனிவார்கள். மோஸ்ஸோவைப் படித்தவர்கள் இல்லை. ஆனாலும் கணக்கு கிட்டத்தட்ட அதுவேதான்.

இதே கணக்கு ஜவுளிக்கடையிலும் ஓடுகிறது. நாள் முழுக்க நிற்பவரின் கெண்டைக்கால் தசையும் முதுகுத் தசையும் லேசாக இறுகியபடியே இருக்கின்றன. வேலையே செய்யாதது போலத் தெரியும் வேலை. 2021-ல் தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் திருத்தம் வந்தது. பணியாளர்கள் வேலைக்கு நடுவே உட்கார்ந்துகொள்ள இருக்கை வசதி தர வேண்டும் என்பது இப்போது சட்டம். அதற்கு முன்பே 2018-ல் கேரளம் இதைச் செய்துவிட்டது. அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது கவுன்ட்டருக்குப் பின்னால் ஸ்டூல் இருக்கிறதா, அதில் யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று ஒரு பார்வை பாருங்கள். இரண்டும் வேறு வேறு கேள்விகள்.

விராலிமலை ஏறினால் மூச்சு, இறங்கினால் வலி

மறுநாள் வலிக்கு வருவோம். அதே மாவட்டத்து விராலிமலை முருகன் கோயிலுக்குப் போய்வந்தவர்களுக்குத் தெரியும். படி ஏறும்போது மூச்சு வாங்கும். ஆனால் மறுநாள், அதற்கும் மறுநாள் தொடையைப் பிடித்துக்கொள்வது இறங்கியதால் வந்த வினை. இறங்கும்போது தொடைத் தசை இறுகிக்கொண்டே நீள்கிறது. பிரேக் போடுகிற வேலை. அப்போதுதான் தசை இழைகளில் கண்ணுக்குத் தெரியாத சிறு கிழிசல்கள் விழுகின்றன. உடம்பு அதைச் சீர்செய்யும் வேலையின் வீக்கமும் கூச்சமும்தான் வலி. 24 மணி நேரத்துக்குப் பிறகு ஏறி, இரண்டு மூன்று நாளில் இறங்கும்.

சீசனின் முதல் நடவு, ஜிம்மில் முதல் நாள், மாதக்கணக்கில் ஓடாதவர் திடீரென ஓடிய நாள் எல்லாம் இந்த வகைதான். நல்ல செய்தி, அடுத்த முறை அதே வேலைக்கு வலி குறைவாக இருக்கும். தசை ஒரு முறை பட்டதை வாரக்கணக்கில் ஞாபகம் வைத்துக்கொள்கிறது.

அந்த நாள்களில் முடங்கிக் கிடக்கத் தேவையில்லை. லேசான நடை போதும். எண்ணெய் தேய்த்துப் பிடித்துவிடுவது வலியை ஓரளவு குறைக்கும். ‘அமிலத்தை வெளியேற்றும்’ என்பது மட்டும் கதை. தூக்கத்துக்கு மாற்று கிடையாது. பழுதுபார்க்கும் வேலையின் பெரும்பங்கு அப்போது நடக்கிறது.

சோறும் முக்கியம். 1966-ல் ஸ்வீடன் நாட்டு ஆய்வாளர்கள் பெர்க்ஸ்ட்ரோம், ஹல்ட்மன் இருவரும் தங்கள் மேலேயே ஒரு சோதனை செய்தார்கள். ஒரே சைக்கிளின் இரண்டு பக்கமும் ஆளுக்கொருவராக உட்கார்ந்து, ஆளுக்கு ஒரு கால் மட்டும் போட்டு மிதித்தார்கள். பார்க்க வேடிக்கையாகத்தான் இருந்திருக்கும். பிறகு ஊசியால் தொடைத் தசையைத் துளி எடுத்துப் பார்த்தபோது, மிதித்த காலில் கிளைகோஜன் மூட்டை காலி, சும்மா இருந்த காலில் அப்படியே. மாவுச்சத்து உணவு சாப்பிட்ட அடுத்த நாள்களில் மிதித்த கால் பழைய அளவையும் தாண்டி நிரப்பிக்கொண்டது. கடும் உழைப்புக்குப் பிறகு அந்த மூட்டை நிறைய, நல்ல சாப்பாட்டோடு ஏறத்தாழ ஒரு முழுநாள் ஆகும். காலையில் கஞ்சியோ பழைய சோறோ குடித்துவிட்டு வயலுக்குப் போன தலைமுறையைக் கேலி செய்தவர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் மௌனமாக இருக்கலாம். சர்க்கரை நோய் உள்ளவர்கள் மட்டும் அளவை மருத்துவரிடம் கேட்டுக்கொள்ள வேண்டும்.

வெயிலும் ஒரு கூட்டாளி. சூட்டில் இதயம் தசைக்கும் ரத்தம் அனுப்ப வேண்டும், உடம்பைக் குளிர்விக்கத் தோலுக்கும் அனுப்ப வேண்டும். ஒரே வேலை மே மாதத்தில் சீக்கிரம் சோர்த்துவிடுவது அதனால்தான். வெப்ப அலையைத் தமிழ்நாடு அரசு 2024-ல் மாநிலப் பேரிடராகவே அறிவித்திருக்கிறது.

ஓய்வெடுத்தும் ஆறாவிட்டால்?

எல்லாக் களைப்பும் இந்தக் கணக்குக்குள் அடங்காது. சிலவற்றைத் தள்ளிப்போடவே கூடாது.

பழக்கமில்லாத கடும் வேலைக்கோ உடற்பயிற்சிக்கோ பிறகு தசை கடுமையாக வீங்கி, சிறுநீர் கட்டங்காப்பி நிறத்தில் போனால் அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். தசை பெருமளவில் சிதைந்து அதன் நிறமி சிறுநீரகத்தில் அடைக்கும் நிலை அது. தண்ணீர் குடிக்காமல், வலி மாத்திரையை மட்டும் விழுங்கிக்கொண்டு வேலையைத் தொடர்வது சிறுநீரகத்தை இன்னும் படுத்தும்.

காலையில் நன்றாக இருந்து, சாயங்காலமானால் இமை சரிவது, சாப்பிடச் சாப்பிடத் தாடை சோர்வது, பேசப் பேசக் குரல் மூக்கால் வருவது, சிறிது ஓய்வெடுத்தால் எல்லாம் சரியாவது. கேட்க சாதாரணக் களைப்பு போலவே இருக்கும் இது, மயஸ்தீனியா கிராவிஸ் என்ற நரம்பு – தசை இணைப்பு நோயின் அறிகுறியாக இருக்கலாம். மருந்து உண்டு, நரம்பியல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். மூச்சு விடவோ விழுங்கவோ சிரமம் என்றால் அவசரம்.

இன்னொன்று ரத்தசோகை. 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டவர்களுக்கு அது இருக்கிறது. தசைக்கு ஆக்சிஜன் சுமந்துபோகும் வண்டியே குறைவாக இருந்தால் எவ்வளவு ஓய்வெடுத்தாலும் அசதி போகாது. ‘அம்மா எப்பவும் டயர்டுன்னு சொல்றாங்க’ என்ற வாக்கியம் ஓடுகிற வீடுகளில் ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை நல்லது. ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்துகொள்ளலாம்.

மறுபடியும் வாடிவாசல்

காளைகளுக்கும் தசைதான். நீச்சல், நடை என்று மாதக்கணக்கில் தயாராகும் காளை தன் மொத்த பலத்தையும் ஓரிரு நிமிடத்தில் கொட்டிவிட்டு, திடலைக் கடந்து போய்விடும். அதற்கு அன்றைய வேலை முடிந்தது. வீரருக்கு அப்படியில்லை. அடுத்த காளை வந்துகொண்டே இருக்கும். ஜல்லிக்கட்டுகளில் வீரர்களை வேறு வேறு நிறச் சட்டையோடு சுற்றுச் சுற்றாக இறக்குவது நிர்வாக வசதிக்கு மட்டும் என்று நினைப்பவர்கள் உண்டு.

முதல் காளையை விட்டதும் கை ஐந்து நிமிடத்தில் ஆறும். நான்காவது, ஐந்தாவது காளைக்குப் பிறகு ஆறியது போலத் தோன்றும். கைமாத்து நிறைந்திருக்கும், ஆனால் மூட்டை குறைந்திருக்கும், கால்சியம் பைகள் சோம்பியிருக்கும், தலையும் களைத்திருக்கும். திமிலில் பாதிப் பிடியோடு தொங்குபவருக்குத்தான் கொம்பு கிட்டத்தில் வருகிறது. பிடிக்காமல் ஒதுங்குபவரைவிட, பிடித்து நடுவில் நழுவுபவருக்கு ஆபத்து அதிகம்.

பழகிய வீரர்களைக் கவனித்தால் ஒன்று தெரியும். எல்லாக் காளைக்கும் பாய்வதில்லை. வாடிவாசல் பக்கத்துக் கட்டையை ஒட்டி நின்று, விரல்களை மடக்கி விரித்து, தோளைக் குலுக்கிக்கொண்டு, அடுத்து வரும் காளையின் பெயரை மைக்கில் சொல்லும்போது தலையை லேசாக ஆட்டுவார்கள். அந்தக் காளை அவர்களைக் கடந்து போகும். அவர்கள் கையை உதறிக்கொண்டே நிற்பார்கள்.